400 கேசட், 6,000 படம், ஒரே எஸ்க்யூலைட் கோப்பு

எங்கள் ஒலி, படக் காப்பகத்தின் தேடல் பெட்டியில் "தேர்" என்று தட்டினால் தேர், தேரில், தேரோட்டம் எல்லாம் வருகின்றன. வந்த வரியைச் சொடுக்கினால் கேசட்டின் அந்த நொடியிலிருந்தே ஒலிக்கிறது. பார்க்கச் சின்ன வேலைதான், ஆனால் அதற்குள் இருக்கும் படிகள் பல. செய்த வரிசையிலேயே எழுதுகிறேன், இதே வேலையை எடுப்பவர்கள் சுற்றுவழியைத் தவிர்க்கலாம்.

சேகரிப்பு ஒரு சிறு நகர நூலகத்தினுடையது. வில்லுப்பாட்டு, நாதசுரக் கச்சேரி, பட்டிமன்றம் பதிந்த கேசட்டுகள் சுமார் 400. அச்சிட்ட புகைப்படங்கள் சுமார் 6,000. திருவிழா வீடியோ உள்ள மினிடிவி நாடாக்கள் 40. கணினி, 8 ஜிபி நினைவகம் கொண்ட பழைய டெஸ்க்டாப். மென்பொருள் எஸ்க்யூலைட் (ஒரே கோப்பில் அடங்கும் தரவுத்தளம்), பைத்தான் (நிரல்மொழி), எஃப்எஃப்எம்பெக் (ஒலி, வீடியோ மாற்றி), எக்சிஃப்டூல் (படக் கோப்பின் உள்விவரத்தைப் படிப்பது). நான்கும் இலவசம்.

இடக் கணக்கு

ஒலிக்கு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ஒலிக் காப்பகங்களுக்கான உலக அமைப்பான ஐஏஎஸ்ஏ பரிந்துரைக்கும் குறைந்தபட்ச அளவு அதுதான். ஸ்டீரியோவில் நொடிக்கு 2,88,000 பைட். 60 நிமிடக் கேசட் ஒன்று 103.68 கோடி பைட், அதாவது 1 ஜிபிக்குச் சற்று மேல். 4×6 அங்குலப் படத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 2400×3600 புள்ளி, சுருக்காத டிஃப் கோப்பாகச் சுமார் 26 எம்பி. மினிடிவி ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி. கூட்டினால் ஒலி 415 ஜிபி, படம் 156 ஜிபி, வீடியோ 520 ஜிபி. ஏறத்தாழ 1.1 டிபி. 2 டிபி ஹார்ட் டிஸ்க்கில் அடங்கும் என்றாலும் கேட்பதற்கான பிரதிகளையும் திருத்த வேலைக்கான இடத்தையும் சேர்த்தால் நெருக்கடிதான். 4 டிபியாக எடுத்தது நல்லதாகப் போயிற்று.

உள்ளே வைப்பதா, வெளியே வைப்பதா

முதலில் முயன்ற வழி, ஒலிக் கோப்பையும் தரவுத்தளத்துக்குள்ளேயே ப்ளாப் (பைட்டுகளை அப்படியே வைக்கும்) புலமாகப் போடுவது. ஒரே கோப்பை நகலெடுத்தால் எல்லாமே வந்துவிடும் என்ற கவர்ச்சி அதில் உண்டு. ஆனால் எஸ்க்யூலைட்டில் ஒரு மதிப்பின் இயல்பான உச்சவரம்பு 100 கோடி பைட். மேலே உள்ள 103.68 கோடியைப் பாருங்கள், முழுக் கேசட் வரம்பைத் தாண்டிவிடுகிறது. கேசட்டின் இரு பக்கத்தையும் தனித்தனியாக வெட்டினால் நுழையும். போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தளத்தின் பைட்டியா புலத்துக்கு 1 ஜிபி (அங்கே அது 107.37 கோடி பைட்) வரம்பு என்பதால் அங்கே மயிரிழையில் தப்பும், ஆனால் வழக்கமான டம்ப் (முழுத் தரவையும் உரையாக வெளியே எழுதுவது) எடுக்கும்போது ஒவ்வொரு பைட்டும் இரண்டு ஹெக்ஸ் எழுத்தாக (0-9, a-f) எழுதப்பட்டு அளவு இரட்டித்து, அதே வரம்பைத் தாண்டிப் பிழையோடு நின்றுவிடும்.

வரம்பைவிடப் பெரிய தொல்லை அன்றாடப் பயன்பாட்டில் இருக்கிறது. ப்ளாப்புக்குள் இருக்கும் ஒலியை விஎல்சி பிளேயரால் நேரே திறக்க முடியாது. ஒரு படவிளக்கத்தில் ஒரு எழுத்தைத் திருத்தினால்கூட, டெராபைட் அளவுள்ள ஒற்றைக் கோப்பு மாறியதாகக் கருதி பேக்கப் கருவி அதை முழுவதும் மறுபடி படிக்கும்.

ஆகவே மூலக் கோப்புகள் வெளியே, விவரம் மட்டும் உள்ளே. சிறுபடங்களுக்கு மட்டும் விதிவிலக்கு. 320 புள்ளி அகலச் சிறுபடம் ஒன்று 15 கேபி அளவில் நிற்கிறது, 6,000 படத்துக்கு 90 எம்பிதான். 10 கேபி அளவுள்ள ப்ளாப்புகளைத் தனித்தனிக் கோப்பாகப் படிப்பதைவிட எஸ்க்யூலைட்டிலிருந்து படிப்பது 35 சதவீதம் வேகம் என்று அதை உருவாக்கியவர்களே அளந்து வெளியிட்டிருக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் ஜிம் கிரே குழு 2006-இல் எஸ்க்யூஎல் சர்வரை வைத்துச் செய்த ஒப்பீட்டில், 256 கேபிக்குக் கீழ் தரவுத்தளமும் 1 எம்பிக்கு மேல் கோப்பு முறைமையும் பொருத்தம் என்று வந்தது. கருவிகள் மாறிவிட்டன, ஆனாலும் அந்த எல்லைக்கோடு இன்றும் வழிகாட்டப் போதும்.

கோப்புக்குப் பெயர்

வெளியே வைத்த கோப்பை யாராவது ஃபோல்டர் மாற்றினாலோ பெயர் மாற்றினாலோ தரவுத்தளத்தில் இருக்கும் பாதை செத்துவிடும். அதனால் பெயரைக் கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தே எடுத்தோம். கோப்பின் கைரேகை போன்ற எஸ்ஹெச்ஏ-256 எண்ணைக் கணக்கிட்டால் 64 ஹெக்ஸ் எழுத்து வரும். முதல் இரண்டு எழுத்து ஃபோல்டர், முழு 64-உம் கோப்புப் பெயர். 256 ஃபோல்டர்களில் கோப்புகள் சமமாகப் பரவும். பழைய பெயரைத் தூக்கிப் போடக் கூடாது. "அம்மன் கொடை பக்கம் 2" போன்ற பெயர்களில் வேறெங்கும் இல்லாத தகவல் இருக்கும், அதை ஒரு புலத்தில் அப்படியே வைக்கவும்.

எழுதும் வரிசையும் முக்கியம். முதலில் அதே டிஸ்க்கில் தற்காலிகப் பெயரில் நகலெடுத்து, டிஸ்க்குக்கு முழுவதும் எழுதச் செய்து, பிறகு பெயர் மாற்றி, கடைசியாகத்தான் தரவுத்தளத்தில் பதிவைச் சேர்க்க வேண்டும். இடையில் மின்சாரம் போனால் யாரும் சுட்டாத ஒரு கோப்பு மிஞ்சும், அதனால் கேடில்லை. வரிசையை மாற்றிச் செய்தால் இல்லாத கோப்பைச் சுட்டும் பதிவு மிஞ்சும், அது ஆபத்து.

இந்த முறையில் ஒரு கண்டிப்பு உண்டு: மூலக் கோப்புக்குள் எதையும் எழுதக் கூடாது. எக்சிஃப்டூலால் தலைப்பைப் படத்துக்குள் சேர்த்தால் கைரேகை மாறி, அது புதுக் கோப்பாகிவிடும். குறிப்பு எதுவானாலும் தரவுத்தளத்தில்தான். பின்னாளில் சுருக்காத வேவ் கோப்புகளை ஃப்ளாக் (இழப்பில்லாமல் சுருக்கும் வடிவம்) ஆக்க வேண்டியிருந்தால் பயம் வேண்டாம். சுருக்காத ஒலியின் எம்டி5 கைரேகையை ஃப்ளாக் தன் தலைப்பகுதியிலேயே வைத்திருக்கிறது, மாற்றத்தில் ஒரு பிட்கூடப் போகவில்லை என்று அதை வைத்துச் சரிபார்க்கலாம். பழைய கேசட்டில் மட்டும் அதிகச் சுருக்கத்தை எதிர்பார்க்காதீர்கள். 24 பிட்டில் கீழ்ப் பிட்டுகள் முழுவதும் நாடா இரைச்சல், இரைச்சல் சுருங்காது.

டேபிள்கள்

கோப்புக்கு ஒரு வரிசை என்று தொடங்கினால் பாதி வழியில் முட்டும். ஒரு கேசட்டில் இரண்டு பக்கம், ஒரு பக்கத்தில் மூன்று நிகழ்ச்சி, ஒரு நிகழ்ச்சி இரண்டு கேசட்டில் பரவியிருக்கும். அதனால் நான்கு அடுக்கு: கையில் பிடிக்கும் பொருள், அதிலிருந்து வந்த கோப்பு, கோப்புக்குள் தொடக்கமும் முடிவும் குறித்த பகுதி, பகுதிகள் சேர்ந்த நிகழ்ச்சி. தேடல் எப்போதும் பகுதியில்தான் போய் நிற்கும். நபர், இடம் இரண்டும் தனி டேபிள். ஒருவர் ஒரு நிகழ்ச்சியில் பாடியவர், இன்னொன்றில் தவில், மற்றொன்றில் பதிவு செய்தவர் என்று வருவதால் பங்கு என்ன என்பதை இணைப்பு டேபிளில் வைக்க வேண்டும்.

நேரத்தை மில்லிநொடியில் முழு எண்ணாக வைக்கவும். 48 கிலோஹெர்ட்ஸ் ஒலியில் 1 மில்லிநொடி சரியாக 48 மாதிரி (சாம்பிள்). நொடிக்கு 25 சட்டம் (ஃபிரேம்) ஓடும் வீடியோவில் ஒரு சட்டம் சரியாக 40 மில்லிநொடி. இரண்டிலும் பின்னம் இல்லை. தசம நொடியில் வைத்தால் ஒப்பிடும் இடத்திலெல்லாம் கடைசி இலக்கம் உதைக்கும்.

தேதிதான் அதிகம் யோசிக்க வைத்தது. கேசட் உறையில் "பிரபவ ஆடி" என்று மட்டும் எழுதியிருக்கும். பிரபவ ஆண்டு 1987 ஏப்ரல் நடுவில் தொடங்குகிறது, ஆடி என்றால் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை. இதை ஒற்றைத் தேதியாக்கினால் பொய்த் துல்லியம். மூன்று புலம் வைத்தோம்: உறையில் உள்ளபடி, இதற்கு முன் இல்லை, இதற்குப் பின் இல்லை. இந்த உறைக்கு 1987-07-16 முதல் 1987-08-17 வரை, பஞ்சாங்க வேறுபாட்டுக்காக இரு முனையிலும் ஒரு நாள் விட்டு. "1987-இல் நடந்தவை" என்று கேட்டால் இரண்டு எல்லைகளோடும் ஒப்பிட்டால் போதும்.

தொழில்நுட்ப விவரத்தை எஃப்எஃப்எம்பெக்கோடு வரும் எஃப்எஃப்ப்ரோப்பும் எக்சிஃப்டூலும் ஜேசனாக (பெயரும் மதிப்பும் ஜோடியாக எழுதிய உரை) தரும். அதை முழுவதும் ஒரு புலத்தில் போட்டுவிட்டு, நீளம், அகலம், உயரம் மட்டும் தனிப் புலமாக எடுத்தோம். மற்றவை தேவைப்படும்போது ஜேசன் சார்பால் எடுக்கலாம், 3.38 பதிப்பிலிருந்து எஸ்க்யூலைட்டில் அது இயல்பாகவே உண்டு. படத்தின் எக்சிஃப் (கோப்புக்குள் கருவி எழுதும் விவரம்) தேதியை எடுத்த தேதி என்று நம்பிவிடக் கூடாது. ஸ்கேன் செய்த படத்தில் அது ஸ்கேன் செய்த நாள். வாட்ஸ்அப் வழி வந்த படத்தில் எக்சிஃப்பே இருக்காது, கோப்புப் பெயரில் உள்ள தேதி அனுப்பிய நாளைத்தான் காட்டும்.

இன்னொன்று: எஸ்க்யூலைட்டில் அயல் சாவிக் கட்டுப்பாடு (ஒரு பதிவு சுட்டும் மற்றொரு பதிவு உண்மையில் இருக்கிறதா என்று பார்ப்பது) இயல்பில் அணைந்திருக்கும். ஒவ்வொரு இணைப்பிலும் ப்ராக்மா கட்டளையால் அதை இயக்க வேண்டும். மறந்தால், கோப்பு இல்லாத பகுதிகள் சத்தமில்லாமல் சேரும்.

தமிழில் தேடல்

எஸ்க்யூலைட்டின் முழு உரைத் தேடலுக்கு எஃப்டிஎஸ்5 என்று பெயர். அதன் இயல்பான சொல்பிரிப்பான் யூனிகோட்61. எழுத்து, எண் வகைகளைச் சொல்லின் உறுப்பாகவும் மற்ற எல்லாவற்றையும் இடைவெளியாகவும் அது எடுத்துக்கொள்ளும். யூனிகோடில் நம் துணைக்கால், கொம்பு, புள்ளி எதுவும் எழுத்து வகையில் இல்லை, குறி வகையில் இருக்கின்றன. விளைவு, "தேர்" என்ற சொல் த, ர என்று இரண்டு துண்டாகிறது. "திருவிழா" த, ர, வ, ழ என்று நான்காகிறது. தேர் என்று தேடினால் "திரு" என்று தொடங்கும் சொல் உள்ள பதிவெல்லாம் வந்து கொட்டும். தேடல் வேலை செய்வது போலத் தெரியும், முடிவுகளும் வரும் என்பதால் இது எளிதில் கண்ணில் படாது. சோதனைக்குச் சில சொற்களை வைத்து, வரவே கூடாத முடிவுகள் வருகின்றனவா என்று பார்ப்பதுதான் வழி.

தீர்வு ஒரே வரி. அட்டவணையை உருவாக்கும்போது யூனிகோட்61-க்கு கேட்டகரீஸ் என்ற விருப்பம் உண்டு. இயல்பாக உள்ள எல் (எழுத்து), என் (எண்), சிஓ (தனிப்பயன்) வகைகளோடு எம்சி, எம்என் என்ற இரண்டு குறி வகைகளையும் சேர்த்தால் போதும். துணைக்கால், கொம்பு எம்சி வகை. புள்ளியும் ஈகாரக் குறியும் எம்என் வகை. இரண்டில் ஒன்றை விட்டாலும் சொல் உடையும்.

அடுத்தது வேற்றுமை உருபு. "தேர்" என்ற சொல்லின் பின்னால் நட்சத்திரக் குறி போட்டு முன்னொட்டுத் தேடல் செய்தால் தேரில், தேரை கிடைக்காது. புள்ளி இருந்த இடத்தில் உயிர்க்குறி வந்துவிடுகிறது அல்லவா, கணினிக்கு அது வேறு எழுத்து. தேடுசொல்லின் கடைசிப் புள்ளியை வெட்டிவிட்டு "தேர" என்று முன்னொட்டாகத் தேடினால் எல்லா வடிவமும் வரும். மகர ஈற்றுச் சொல்லில் ம் முழுவதையும் வெட்ட வேண்டும்: மரம் என்றால் "மர". மரத்தில், மரங்கள் கிடைக்கும், கூடவே மரபும் வரும். முழுச்சொல்லாகப் பொருந்துபவற்றை மேலே காட்டி மற்றதைக் கீழே தள்ளினோம். போஸ்ட்கிரெஸ்ஸில் 12-ஆம் பதிப்பிலிருந்து தமிழுக்கு வேர்ச்சொல் பிரிப்பான் உண்டு, அங்கே இந்த வெட்டு வேலை குறையும்.

சொல்லின் நடுப்பகுதியைத் தேட எஃப்டிஎஸ்5-இன் டிரைகிராம் (மும்மூன்று குறியாக வெட்டும்) பிரிப்பான் இருக்கிறது, 3.34 பதிப்பிலிருந்து. அது மூன்று குறியீட்டுப் புள்ளிகளுக்கு (யூனிகோடில் தனி எண் பெற்ற குறிகள்) குறைந்த சொல்லைத் தேடாது. "பூ" என்பது ப-வும் ஊகாரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீட்டுப் புள்ளி, ஆகவே ஒன்றும் வராது. அதனால் இரண்டு அட்டவணையும் வைத்தோம். சேகரிப்பின் எழுத்து விவரம் சில எம்பிதான், இரண்டு வைப்பதில் பாரம் இல்லை.

தேடலுக்கு முன்பே செய்ய வேண்டிய தூய்மைப் பணி ஒன்றுண்டு. "கொ" என்பதை ஒரே உயிர்க்குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் தனித்தனியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே, பைட்டில் வேறு. பழைய மேக் கணினியிலிருந்து வந்த கோப்புப் பெயர்களில் பிரிந்த வடிவம் இருக்கும், விண்டோஸில் தட்டச்சு செய்ததில் சேர்ந்த வடிவம் இருக்கும். உள்ளே வரும் எல்லா எழுத்தையும் யூனிகோடின் என்எஃப்சி (சேர்ந்த) வடிவத்துக்கு மாற்றினால் இது தீரும், பைத்தானில் ஒரு வரி. ஆனால் ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் ள எழுத்தும் தட்டியிருந்தால் அதை என்எஃப்சி தொடாது. ஸ்ரீ என்பதற்கும் இரண்டு குறியீட்டு வழிகள் உண்டு, அதையும் தொடாது. இவற்றுக்குக் கையால் எழுதிய மாற்று விதி வேண்டும். தேடுசொல்லுக்கும் அதே விதிகளை ஓட்ட மறக்கக் கூடாது.

கோயில், கோவில், நாதசுரம், நாதஸ்வரம், நாகசுரம். இவை பிழைகள் அல்ல, எல்லாமே வழக்கில் உள்ளவை. பதிவில் உள்ளதை மாற்றாமல், ஒத்த சொற்களுக்கு ஒரு சின்ன டேபிள் வைத்துத் தேடும்போது மட்டும் விரித்தோம். உறையில் எழுதியவரின் எழுத்து அப்படியே நிற்கட்டும், அதுவும் ஆவணம்தான்.

ஒரே படம் பல வடிவில்

எஸ்ஹெச்ஏ-256 பைட்டுக்குப் பைட் ஒன்றானதை மட்டும் பிடிக்கும். ஒரே அச்சுப்படத்தை இருமுறை ஸ்கேன் செய்திருந்தால் பிடிக்காது. அதற்கு டிஹாஷ்: படத்தை 9×8 சாம்பல் புள்ளியாகச் சுருக்கி, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளில் எது வெளிச்சம் என்று ஒப்பிட்டால் 64 பிட் வரும். இரண்டு படத்துக்கும் எத்தனை பிட் வேறுபடுகிறது என்பதே தூரம். 3 வரை தானாகக் கூட்டாக்கினோம், 4 முதல் 10 வரை ஆள் பார்த்து முடிவு செய்தார்.

எஸ்க்யூலைட்டில் வேறுபடும் பிட்டுகளை எடுத்துத் தரும் எக்ஸ்ஆர் செயற்குறி கிடையாது. இரண்டின் ஆர் மதிப்பிலிருந்து ஆண்ட் மதிப்பைக் கழித்தால் அதே விடை. பிட் எண்ணும் சார்பைப் பைத்தானில் எழுதிப் பதிவு செய்யலாம். 6,000 படத்தையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டால் சுமார் 1.8 கோடி ஜோடி. 64 பிட்டை 16 பிட்டாக நான்கு புலமாக்கி நான்குக்கும் இன்டெக்ஸ் போட்டால் இது வெகுவாகக் குறையும். தூரம் 3-க்குள் இருந்தால் நான்கு துண்டில் ஒன்றாவது மாறாமல் இருந்தாக வேண்டும், அந்த அளவுக்கு அத்தகைய ஜோடிகளை மட்டும் பார்த்தால் போதும், 4 முதல் 10 வரை உள்ளவற்றுக்கு முழு ஒப்பீடே வேண்டும். தலைகீழாக ஸ்கேன் செய்த படங்கள் தப்பிவிடும் என்பதால், நான்கு திசையிலும் திருப்பி நான்கு டிஹாஷ் கணக்கிட வேண்டும்.

கேட்கும் பிரதி, பேக்கப்

மூலத்தை நேரே ஒலிக்க விடுவதில்லை. 64 கேபிபிஎஸ் ஒற்றைத் தட ஏஏசி பிரதி ஒரு மணி நேரத்துக்கு 28.8 எம்பி, பேச்சுக்கும் வில்லுப்பாட்டுக்கும் போதும். நாதசுரத்துக்கு இரட்டிப்பு வைத்தோம். முதலில் மாறும் வீத எம்பி3 வைத்தபோது, பகுதியின் தொடக்கத்துக்குத் தாவினால் பல நொடி தள்ளி நின்றது. அந்த வடிவத்தில் பிளேயர் இடத்தை உத்தேசமாகவே கணிக்கும். வீடியோவில் இதேபோல எக்ஸ்264 என்ற சுருக்கி இயல்பில் முதன்மைச் சட்டங்களுக்கு (முழுப் படமாகச் சேமித்தவை, தாவல் அங்கேதான் நிற்கும்) நடுவே 250 சட்டம் வரை விடும், 25 சட்ட வீடியோவில் அது 10 நொடி. 50 ஆக்கினால் 2 நொடிக்குள் தாவலாம், கோப்பு கொஞ்சம் பெருக்கும்.

தரவுத்தளம் வால் (WAL, மாற்றங்களை முதலில் ஒரு பக்கத்துக் கோப்பில் எழுதும்) முறையில் ஓடும்போது முதன்மைக் கோப்பை மட்டும் நகலெடுத்தால் கடைசி மாற்றங்கள் பக்கத்துக் கோப்பில் தங்கிவிடும். வேக்கம் இன்டு கட்டளை சுத்தமான ஒற்றைப் பிரதி தரும், அதையே தினமும் எடுக்கிறோம். வால் முறையை நெட்வொர்க் ஃபோல்டரில் வைத்து ஓட்டக் கூடாது.

மாதம் ஒருமுறை எல்லாக் கோப்பின் கைரேகையையும் மறுபடி கணக்கிட்டுப் பெயரோடு ஒப்பிடுகிறோம். நொடிக்கு 150 எம்பி படிக்கும் டிஸ்க்கில் 1 டிபிக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. யூஎஸ்பி 2.0 துளையில் செருகினால் அதே வேலைக்கு எட்டு மணி நேரம். நீலத் துளை எது என்று பார்த்துச் செருகவும்.

செலவில் பெரும்பங்கு 4 டிபி டிஸ்க் மூன்று, வாங்கியபோது ஒன்று சுமார் 10 ஆயிரம் ரூபாய். ஒன்று கணினியில், ஒன்று அலமாரியில், ஒன்று வேறு கட்டடத்தில்.

அடுத்த முறை செய்தால் முதல் வேலை எண் ஒட்டுவது. ஒவ்வொரு கேசட்டிலும் உறையிலும் ஒரே எண்ணை ஒட்டி, உறையின் இருபுறமும் படம் எடுத்த பிறகே நாடாவை ஓட்டத் தொடங்க வேண்டும். உறை மாறிப்போன கேசட்டுகளைப் பிரிக்கத்தான் அதிக நேரம் போனது. உரிமை, ஒப்புதல் விவரத்துக்கான புலத்தையும் முதல் நாளே வைக்க வேண்டும், பாடியவர் குடும்பத்திடம் கேட்டு நிரப்பும் வேலையைப் பிற்பாடு தொடங்குவது கடினம். ஒரே நேரத்தில் மூன்று நான்கு பேர் விவரம் சேர்ப்பதாக இருந்தால் எஸ்க்யூலைட் வேண்டாம், அதில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். போஸ்ட்கிரெஸ்ஸில் தொடங்கவும், ஆனால் தரவுத்தளத்தைச் சி லொகேலில் (ஆங்கில எழுத்தை மட்டுமே எழுத்தாக அறியும் மொழி அமைப்பு) உருவாக்கிவிடாதீர்கள். அங்கே டிரைகிராம் நீட்சி தமிழ் எழுத்தை எழுத்தாகவே எண்ணாமல் எல்லாவற்றையும் உதறிவிடும்.